யமஹா யு1 மலை ஏறினால்: மேடையைக் குறிவைக்கும் மாணவருக்கு இந்தப் பியானோ போதுமா?

வயலின்காரர் தன் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுவார். நாகஸ்வரக்காரருக்கும் அப்படித்தான். கச்சேரிப் பியானோ கலைஞருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன ஊரில், அந்த மண்டபத்தில் நிற்கிற பியானோ எதுவோ அதில்தான் வாசித்தாக வேண்டும். கிறிஸ்டியன் ஜிமர்மான் போலச் சொந்தப் பியானோவோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்களுக்குக் கச்சேரிக்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் கட்டைகளின் கனம், பெடல் பிடிக்கும் இடம், கீழ்ஸ்தாயியின் முழக்கம் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, வீட்டில் மாதக்கணக்கில் பழகியதை அந்த இடத்துக்கேற்ப மாற்றி வாசிக்க வேண்டும். ஆகவே வீட்டுப் பியானோ ஒன்றை எடைபோடும்போது “சத்தம் இனிமையா?” என்பது இரண்டாவது கேள்வி. விரல் செய்த தவறை அது மறைக்காமல் காட்டுகிறதா, மெல்ல வாசித்தால் மெல்லப் பேசுகிறதா என்பதே முதல் கேள்வி.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிள்ளைகளுக்கு நிற்கும் பியானோ (அப்ரைட்) வாங்க நினைக்கிறவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் பெயர் யமஹா யு1. புதிதாகவும் கிடைக்கிறது, ஜப்பானில் ஓடி முடித்துப் பழுதுபார்த்து வருகிற பழையதும் கிடைக்கிறது. உயரம் 121 செ.மீ., அகலம் ஏறக்குறைய 153 செ.மீ., ஆழம் 61 செ.மீ. போல. புதிய மாடலின் எடை 228 கிலோ. இதன் அண்ணன் யு3, 131 செ.மீ.

மலையில் இதற்குப் போட்டி பெரும்பாலும் இன்னொரு புதுப் பியானோ அல்ல. எஸ்டேட் பங்களாவிலோ தேவாலயத்து ஓரத்திலோ நிற்கும் பழைய இங்கிலாந்துப் பெட்டிதான். மூடியைத் திறந்தால் சுத்தியல்களுக்கு முன்னால் கூண்டுக் கம்பி போல வரிசையாகக் கம்பிகள் நின்றால், அது மேலிருந்து ஒலி அடக்கும் பழைய வகை. கம்பியின் அதிர்வை அடக்கும் டேம்பர் அதன் முனைக்கருகே தொடுவதால் ஸ்வரம் முழுதாக அடங்காது. கட்டையை விட்ட பிறகும் ஒரு முனகல் இழுக்கும். அதில் பழகிய பிள்ளை பெடலைச் சரியாகக் கற்றுக்கொள்ளவே முடியாது, ஏனென்றால் பெடல் போடாமலே பாதிப் பெடல் போட்ட மாதிரி ஒலிக்கும். பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கியோடு பார்க்க அழகாக இருக்கும். கூடத்தில் வைத்துக்கொள்ளலாம், பயிற்சிக்கு வேண்டாம். யு1-இல் கீழ்க்கம்பிகள் நடுக்கம்பிகளின் மேல் குறுக்காக ஓடுகின்றன. டேம்பர்கள் சுத்தியலுக்குக் கீழே, கம்பி நன்றாக அதிரும் இடத்தில் உட்கார்கின்றன. இந்த ஒரு வித்தியாசத்துக்கே மாறலாம்.

“யமஹாவா? ஸ்டெயின்வே இல்லையா?” என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். சோவியத் பியானோ மேதை ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டர் பிற்காலத்தில் விரும்பி வாசித்தது யமஹாவில். 1986-இல் சைபீரியாவின் சிற்றூர்களில் மாதக்கணக்கில் கச்சேரி செய்து போனபோதும் அதுதான் கூட வந்தது. அவர் வாசித்தது கச்சேரி கிராண்ட், கம்பிகள் படுக்கையாக ஓடும் பெரிய பியானோ. யு1-க்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாசிப்புக்கு வருவோம். நன்றாகச் சரிசெய்த யு1-இல் கட்டை 10 மி.மீ. இறங்கும். நடுக்கட்டை ஒன்றை இறக்க 50 கிராமை ஒட்டிய எடை போதும். சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே 46, 47 மி.மீ.; கம்பியைத் தொட 2, 3 மி.மீ. இருக்கும்போது சுத்தியல் பிடியிலிருந்து விடுபட வேண்டும். இந்தக் கடைசி எண்தான் மெல்லிய வாசிப்பின் உயிர். அது 5, 6 மி.மீ. ஆகிவிட்டால் மெதுவாக அழுத்திய ஸ்வரம் பேசாமலே போகும். பிள்ளை தன்னையறியாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் உரக்க வாசிக்கப் பழகிவிடும். பல வீடுகளில் “இவனுக்கு மென்மையே வரவில்லை” என்று ஆசிரியர் குறைசொல்வதற்குக் காரணம் கை அல்ல, இந்த 3 மில்லிமீட்டர்.

ஒரே ஸ்வரத்தை விரைந்து திரும்பத் திரும்ப அடிப்பதில் நிற்கும் பியானோவின் எல்லை தெரிந்துவிடும். கிராண்டில் சுத்தியல் தன் எடையால் கீழே விழுகிறது. 1821-இல் செபாஸ்டியன் எரார்ட் கண்டுபிடித்த நெம்புகோல் அதைப் பாதி வழியில் தாங்கிக்கொள்கிறது. கட்டை முழுதாக மேலே வருமுன்பே மறுபடி அடிக்கலாம். நிற்கும் பியானோவில் சுத்தியல் படுக்கைவாட்டில் போய் வருகிறது. ஸ்பிரிங்கும் நாடாவும்தான் அதை இழுக்கின்றன. கட்டை ஏறக்குறைய மேலே வந்தபின்தான் அடுத்த அடி. ப்ரோகோஃபியெவின் டொக்காட்டா, ஓபஸ் 11, தொடக்கமே ஒற்றை ஸ்வரத்தின் மேல் திரும்பத் திரும்ப விழும் அடி. ராவெலின் ‘அல்போராடா’வில் வரும் அதிவேகத் தொடர் அடிகள் இன்னும் கடினம். இவற்றை யு1-இல் விரல் மாற்றிப் பயிலலாம், மனப்பாடம் செய்யலாம். வேகத்தை முடிவுசெய்யக் கூடாது. இங்கே திணறுவது கிராண்டில் வந்துவிடும். அங்கே வராவிட்டால்தான் விரலைக் குறை சொல்ல வேண்டும்.

இடது பெடல் அடுத்த ஏமாற்று. கிராண்டில் அது கட்டை வரிசை முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்தி, சுத்தியல் ஒரு ஸ்வரத்தின் மூன்று கம்பிகளுக்குப் பதில் குறைந்த கம்பிகளை, தன் கம்பளி உறையான ஃபெல்ட்டின் வேறு பகுதியால் தொடச் செய்யும். ஒலியின் நிறமே மாறும். யு1-இல் சுத்தியல்கள் கம்பிக்கு அருகே நெருங்கி வருகின்றன, அவ்வளவுதான். சத்தம் குறையும், நிறம் மாறாது. போதாக்குறைக்கு அந்த நேரத்தில் கட்டையின் தொடக்கத்தில் ஒரு வெற்று அசைவும் வரும். நடுப் பெடல் கம்பிக்கு முன் ஒரு ஃபெல்ட் திரையை இறக்கும். தூங்குகிற வீட்டில் விரல்பயிற்சிக்கு உதவும். அரை மணிக்கு மேல் அதில் வாசித்தால், கேட்காத குறையை ஈடுகட்டக் கை ஓங்கத் தொடங்கும்.

கீழ்ஸ்தாயி 121 செ.மீ. பெட்டிக்கு மோசமில்லை, ஆனாலும் கடைசி ஒன்றரை ஸ்தாயியில் ஸ்வரத்தைவிட உறுமல்தான் மிகுதி. கச்சேரி கிராண்ட் 274, 275 செ.மீ. நீளம். அங்கே இடதுகைக் கம்பி ஒன்றே யு1-இன் முழு உயரத்தை விட நீளம். வீட்டில் கீழ்ஸ்தாயி மெலிந்திருப்பதால் இடதுகையை அழுத்தி வாசித்துப் பழகிய மாணவர், மண்டபத்தில் அதே அழுத்தத்தைக் கொடுத்தால் வலதுகையின் பாட்டு மூழ்கிப் போகும். இதற்கு ஒரு வழி: வாரத்தில் ஒருநாள் இடதுகையை வேண்டுமென்றே ஒரு படி குறைத்து, வீட்டில் “காணாது” என்று தோன்றுகிற அளவில் முழு உருப்படியையும் வாசிப்பது. பியானோவைச் சுவரிலிருந்து 10, 15 செ.மீ. தள்ளி வைத்தால் உறுமல் கொஞ்சம் தெளியும். ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்டுபோர்டு இருப்பது முதுகுப்புறம்.

இதுவரை சொன்னது எந்த ஊர் யு1-க்கும் பொருந்தும். மலையில் விலையை முடிவுசெய்வது காற்றிலுள்ள தண்ணீர். பியானோவுக்கு உகந்த ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். ஊட்டியில் ஆனி, ஆடி மாதங்களில் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்காரும்போது அறையில் 85, 90 சாதாரணம். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் உச்சம். பிறகு தை, மாசியில் உறைபனியும் வறண்ட காற்றும். அதோடு கணப்பையும் மூட்டினால் அதே அறை 35-க்கு இறங்கும். ஈரத்தில் சவுண்டுபோர்டு மரம் உப்பி மேலே வளையும், அதன் மேலிருக்கும் பாலம் கம்பிகளைத் தள்ளும், சுருதி ஏறும். வறட்சியில் எதிர்மாறு. நடுப்பகுதி 10, 20 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறியிருக்கும்போது ஓரங்கள் அவ்வளவு ஏறாது. அதனால்தான் மழைக்காலத்துப் பியானோ மொத்தமாகச் சுருதி மாறாமல், தனக்குள்ளேயே சண்டையிட்டுக்கொள்கிறது.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பியானோ வேறு நாட்டுக்கு ஆகாது என்று ஓர் எச்சரிக்கை இணையத்தில் உலவுகிறது. அது அமெரிக்க வீடுகளின் குளிர்காலச் சூடேற்றிகள் உண்டாக்கும் கடும் வறட்சியைப் பற்றியது. நம் மலைகளின் நோய் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. அந்த ஒரு காரணத்துக்காகப் பழைய யு1-ஐ ஒதுக்க வேண்டியதில்லை. கணப்புச் சுவரை ஒட்டி வைத்தால் மட்டும் அமெரிக்க நோயும் சேர்ந்து வரும்.

வாங்குமுன் ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். மலிவானதே போதும், ஆனால் சோதித்து நம்புங்கள்: ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் கூழாகும் அளவு தண்ணீர் விட்டு, காற்றுப்புகாத டப்பாவில் மானியோடு வைத்து இரவு முழுக்க மூடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் எப்போதும் 6 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈரம் உறிஞ்சும் எந்திரம் வாங்குவதில் மலைக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடையில் பரவலாகக் கிடைப்பது கம்ப்ரெசர் வகை. சென்னைக்கு அது அருமை. அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சுருளில் உறைபனி படிந்து, வேலையைவிட உருகவைப்பதிலேயே நேரம் போகும். ஊட்டி மழைக்கால அறை பெரும்பாலும் அந்த எல்லையில்தான். ஈரத்தை உறிஞ்சும் சக்கரம் வைத்த டெசிகன்ட் வகை குளிரிலும் வேலை செய்யும். மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும், அறையைச் சற்றுச் சூடாக்கும், அது இங்கே குறையில்லை. அறை முழுவதற்கும் முடியாதவர்கள் பியானோவுக்குள்ளேயே, கட்டைப் பலகைக்குக் கீழே, டாம்ப்-சேசர் வகைச் சூட்டுக் குழல் பொருத்தலாம். 25 முதல் 50 வாட் வரைதான். ஈரப்பதம் குறைந்தால் தானே அணைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் மட்டும் பொருத்தாதீர்கள். மாசி மாதத்திலும் அது எரிந்துகொண்டிருந்தால் சவுண்டுபோர்டு வெடிக்கும். பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிடுவது பழைய வைத்தியம். அது பக்கத்து மரத்தைக் காயவைத்து எட்டத்து மரத்தை அப்படியே விடும்.

மழையில் கட்டை சிக்கிக்கொண்டால் எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் துருநீக்கி ஸ்பிரேயும் இந்த மலைகளில் கெடுத்த பியானோக்களுக்குக் கணக்கில்லை. ஃபெல்ட் எண்ணெயைக் குடித்து உப்பி நிரந்தரமாக இறுகிவிடும். மேல் பலகையைக் கழற்றிப் பாருங்கள், இரண்டு கொக்கிதான். சுத்தியல் திரும்பிவிட்டது, கட்டை மட்டும் கீழே நிற்கிறது என்றால் கட்டைத் துளையின் ஃபெல்ட் உப்பியிருக்கிறது. டியூனர் இடுக்கியால் ஐந்து நிமிடத்தில் தளர்த்துவார். சுத்தியலே கம்பிக்குப் பக்கத்தில் தயங்கி நின்றால் அது ஆடும் அச்சு ஊசியான சென்டர் பின் இறுகியிருக்கிறது. அதைக் கழற்றித் துளையைச் செதுக்க வேண்டும், நேரம் எடுக்கும். சுத்தியல் தடையின்றி ஆடினாலும் சோம்பலாகத் திரும்பினால் மூன்றாவது காரணம்.

அந்த மூன்றாவதுதான் பழைய யு1-இன் பிறவிக்குறை. ஒவ்வொரு சுத்தியலின் அடியிலும் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் சிறிய நூல் வளையம் ஒன்று உண்டு. 1970-களிலும் 80-களிலும் வந்த பல யமஹாக்களில் இந்த நூல் வயதாகி மொறுமொறுவென்று ஆகி அறுந்துபோகிறது. ஒன்று அறுந்தால் மற்றவையும் பின்னாலேயே வரும் என்று கணக்கு வையுங்கள். 88 வளையங்களையும் மாற்றுவது ஒருநாள் வேலைக்கு மேல். மாற்றியிருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள், பிறகு நீங்களே பாருங்கள்: ஒரு சுத்தியலை விரலால் முன்னே தள்ளி விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். ஒன்றிரண்டைச் சோதித்து நிறுத்தாமல் 88-ஐயும் தள்ளிப் பாருங்கள்.

விற்பவர் முன்னிலையில் மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள். மேல் மூடியைத் திறந்தால் இரும்புச் சட்டத்தில் வரிசை எண் இருக்கும்; தயாரித்த ஆண்டை அதிலிருந்து அறியலாம். பளபளக்கும் வெளிப்பூச்சு வயதைச் சொல்லாது, புதிதாகப் பூசியிருப்பார்கள். சுத்தியல் ஃபெல்ட்டில் கம்பித் தடம் மெல்லிய கோடாக இருந்தால் நல்லது. 2, 3 மி.மீ. ஆழப் பள்ளமென்றால் அந்தப் பியானோ பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க உழைத்தது. போன் செயலியில் நடு ‘ஏ’ 440-ஐ ஒட்டி இருக்கிறதா பாருங்கள். எல்லா ஸ்வரமும் சேர்ந்து இறங்கியிருந்தால் நெடுநாள் சுருதி சேர்க்கவில்லை என்று பொருள், சரிசெய்யலாம். ஒரே ஸ்வரத்தின் மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் வெகுவாக விலகி, அப்படிப் பல ஸ்வரங்கள் இருந்தால் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் டியூனிங் பின்கள் தளர்ந்திருக்கின்றன, விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கீழ்ப்பலகையையும் கழற்றச் சொல்லுங்கள். எலிப் புழுக்கையும் அந்து அரித்த ஃபெல்ட்டும் அங்கேதான் தெரியும்.

ஏற்றி வருவது தனி வித்தை. கல்லாறிலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் 228 கிலோ பெட்டி ஒரு அங்குலம் நழுவினாலும் அடுத்த வளைவில் அது மோதலாகும். லாரியின் முன்சுவரில் பியானோவின் முதுகு ஒட்டி நிற்க வேண்டும். கயிறு மட்டும் போதாது, இறுக்கும் பட்டை இரண்டு, இடையே கனமான போர்வை. மல்லாத்திப் படுக்க வைக்கக் கூடாது. கட்டை மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பின்னால் கைப்பிடிகள் இருக்கின்றன. நான்கைந்து பேர் வேண்டும். கனடியப் பியானோ மேதை கிளென் கூல்ட் உயிராக வைத்திருந்த, சிடி 318 என்ற எண்ணுடைய ஸ்டெயின்வே கிராண்ட், 1971-இல் கிளீவ்லாந்திலிருந்து வரும் வழியில் கீழே போடப்பட்டு இரும்புச் சட்டமே வெடித்தது. எவ்வளவு செப்பனிட்டும் பழைய தொடுகை திரும்பவில்லை. கடைசியில் அவரும் ஒரு யமஹா கிராண்டுக்கு மாறினார்.

வீட்டுக்கு வந்ததும் டியூனரைக் கூப்பிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் மரம் அறையோடு பழகட்டும். முதல் ஆண்டில் மூன்று முறை, பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்த்தால் போதும். எப்போது என்பதுதான் முக்கியம். பருவம் திரும்பும் வாரத்தில் செய்த வேலை பத்து நாளில் வீண். ஈரப்பதமானி இரண்டு வாரம் ஒரே நிலையில் நின்றபின் அழையுங்கள்: மாசியில் ஒன்று, மழை ஊன்றி நின்றபின் ஒன்று. டியூனர் கோயம்புத்தூரிலிருந்தோ சென்னை, பெங்களூரிலிருந்தோதான் ஏறி வர வேண்டியிருக்கும். நான்கைந்து வீடுகளும் ஒரு பள்ளியும் தேவாலயமும் சேர்ந்து ஒரே பயணத்தில் அழைத்தால் வழிச்செலவு பங்காகும், அவரும் மறுபடி வர மனம் வைப்பார்.

டிஜிட்டல் பியானோ வாங்கலாமே என்பவர்களுக்கு: வாடகை வீடு, பக்கத்துச் சுவர், ஆரம்ப கிரேடுகள் என்றால் கண் மூடி வாங்குங்கள். சுருதி கெடாது. லண்டன் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் 2020-இல் தொடங்கிய பெர்ஃபார்மன்ஸ் கிரேடுக்கு நான்கு உருப்படிகளை நிறுத்தாமல் வாசித்து வீடியோ அனுப்ப வேண்டும். டிஜிட்டலுக்கும் அனுமதி உண்டு. சுருதி கெட்ட யு1-ஐவிட அதில் நல்ல டிஜிட்டல் நன்றாகவே ஒலிக்கும். ஆனால் ஆறாம் கிரேடைத் தாண்டியபின், ஒரே கட்டையை நான்கு விதமாக இறக்கி நான்கு விதமான ஒலி எடுக்கப் பழகும்போது, ஸ்பீக்கர் சொல்வதும் கம்பி சொல்வதும் வேறாகிவிடும். எட்டாம் கிரேடு வரைக்கும், டிப்ளமோவின் பாதி வழிக்கும் யு1 போதும். அதற்கு மேல் வாரம் இரண்டு மணி நேரமாவது கிராண்டில் உட்கார வழி தேட வேண்டும். இந்த மலைகளில் அது பெரும்பாலும் பெரிய விடுதிப் பள்ளிகளில்தான் இருக்கிறது.

அப்படிக் கிடைக்கிற முதல் பத்து நிமிடத்தில் மாணவர்கள் தங்கள் உருப்படியின் கடினமான பக்கத்தை அடித்துப் பார்ப்பார்கள். கச்சேரிக்காரர்கள் அதைக் கடைசிக்கு வைப்பார்கள். முதலில் கீழிருந்து மேலாக எல்லாக் கட்டைகளையும் மிக மெல்ல, எது பேசவில்லை என்று பார்க்க. அடுத்து வலது பெடல் எந்த ஆழத்தில் பிடிக்கிறது, எங்கே விடுகிறது. பின் ஒரே ஸ்வரத்தில் வேக அடி. பிறகு இடதுகை மட்டும், மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒருவரை நிற்கவைத்து. வீட்டு யு1-இலும் பருவம் மாறும்போதெல்லாம் இதே வரிசையைச் செய்யலாம். மழையில் மந்தமாகவும் மாசியில் கூர்மையாகவும் பேசும் ஒரே பெட்டி, ஆண்டுக்கு இரண்டு பியானோக்களில் பழகிய பலனைத் தரும். மலையின் ஈரத்தால் மாணவருக்குக் கிடைக்கும் ஒரே ஆதாயம் அதுதான்.

டியூனர் மலை ஏறுமுன் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள்: வரிசை எண், சிக்கும் கட்டைகள் எவை, சோம்பலாகத் திரும்பும் சுத்தியல்கள் எவை, அறுந்த நூல் வளையங்கள் எத்தனை, அறையின் ஈரப்பதம் இப்போது எவ்வளவு. வளையத்துக்கான நூலும் சென்டர் பின்னும் மலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அவர் பையில் இல்லையென்றால் அடுத்த பயணம் வரை அந்தக் கட்டைகள் அப்படியே நிற்கும்.